அசெம்பிள் செய்த கணினி அடிக்கடி விழுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய டெஸ்க்டாப் தகராறு செய்தால் முதலில் வரும் யோசனை "விண்டோஸைத் திரும்பப் போடு" என்பதுதான். அடுத்தது "எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் தரும் பெட்டியை மாற்று". உறவினர், நண்பர் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்துப் பழகிய அளவில் சொல்கிறேன்: முதல் யோசனையில் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீணாகும். இரண்டாவது சில நேரம் சரியாக இருக்கும். ஆனால் பர்ஸைத் திறக்கும் முன் செலவே இல்லாமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

## எதையும் கழற்றும் முன்

"சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று போனில் சொல்வார்கள். நேரில் போனால் ஒருவர் வீட்டில் அது பட்டென்று அணைந்து போவது, இன்னொருவர் வீட்டில் நீலத்திரை, மற்றொருவர் வீட்டில் படம் அப்படியே உறைந்து நிற்பது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதனால் அடுத்த முறை விழும்போது இவற்றைக் கவனித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: விசிறி நின்றதா, சுற்றிக்கொண்டே இருந்ததா? சத்தம் தொடர்ந்ததா? அப்போது என்ன வேலை ஓடியது? ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? வீட்டில் மோட்டாரோ ஏசியோ அந்நேரம் ஓடத் தொடங்கியதா?

முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பழைய பேக்கப்பின் மேலேயே எழுத வேண்டாம். ரேம் கெட்டிருந்தால் நகலாகும் கோப்பும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

அப்புறம் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ (ரேமை வேகமாக்குபவை), ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது) எது இருந்தாலும் போகட்டும். அப்படியே இரண்டு நாள் ஓட்டுங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் பாகம் எதுவும் சாகவில்லை, அமைப்புதான் தவறு. நீலத்திரைப் பகுதியில் ரேம் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

இனி எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ரேமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, கேபிளையும் மாற்றினால் கணினி சரியாகும். எதனால் சரியானது என்பது தெரியாது. அடுத்த மாதம் திரும்பவும் வரும்.

நடந்ததையெல்லாம் பதியும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்தால் சிவப்புக் குறியோடு "கெர்னல் பவர் 41" கண்ணில் படும். அதைத்தான் எல்லோரும் தேடித் தேடிப் பயப்படுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. பிளக்கை நீங்களே பிடுங்கினாலும் அது வரும். உள்ளே விவரப் பகுதியில் பக்செக் கோடு (BugcheckCode, நீலத்திரையின் பிழை எண்) 0 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்குத் தெரியும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது: மின்சாரம், சூடு, வன்பொருள் ஆகிய பக்கங்களில் தேட வேண்டும். வேறு எண் என்றால் நீலத்திரை வந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் முன் போயிருக்கலாம்.

## அறிகுறி 1: பட்டென்று அணைகிறது, அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகிறது, நீலத்திரை இல்லை

கரண்ட் போய் வரும் நொடியில் மட்டும் என்றால்

நம் வீடுகளில் இதுதான் அதிகம். இன்வெர்ட்டர் இருக்கிறது, விளக்கு அணையவில்லை, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. மின்சாரம் அறுந்தால் ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடிதான் தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண முறையில் அதைவிட மெதுவாகவே பேட்டரிக்கு மாறும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கமோ முன்பக்கமோ யூபிஎஸ், ஈக்கோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யூபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். பாதி வீடுகளில் வேலை இத்தோடு முடியும்.

முடியவில்லை என்றால் இன்வெர்ட்டர் எந்த வகை என்று பாருங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டரும், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸும் சில நேரம் ஒத்துப்போவதில்லை. தனி யூபிஎஸ் இருந்தால் அதன் வாட் கணக்கைப் பாருங்கள். 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும். தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால், கிராபிக்ஸ் கார்டும் மானிட்டருமாக அந்த அளவைத் தாண்டி யூபிஎஸ்ஸே அலறி நின்றுவிடும். யூபிஎஸ் பேட்டரி சில ஆண்டுகளில் சொல்லாமல் செத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சோதிப்பது எளிது: வேலை எதுவும் ஓடாதபோது, கோப்புகளை மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

நேரம் காலம் இல்லாமல் என்றால்

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் செருகும் பவர் கார்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் வேறு கார்டு போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேரே சுவர்ப் பிளக்கில் ஒரு நாள் ஓட்டுங்கள். மானிட்டர், பிரின்டர், மோடம், மொபைல் சார்ஜர் எல்லாம் தொங்கும் மலிவான பாக்ஸ்தான் குற்றவாளி என்று பல முறை தெரிந்திருக்கிறது.

அடுத்தது கேபினட்டின் முன்பக்க பட்டன்கள். ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும். பவர் பட்டன் சிக்கினால் நான்கைந்து நொடியில் அணையும். மதர்போர்டின் கீழ்மூலையில் இருக்கும் ரீசெட் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அந்த பட்டன் இல்லாமல் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

முன்பக்க யூஎஸ்பி துளைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பின் வளைந்து ஒன்றோடொன்று தொட்டால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணையும். சில போர்டுகளில் "யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரண்ட்" என்ற எச்சரிக்கை வந்து 15 விநாடியில் நிற்கும். அந்த யூஎஸ்பி ஒயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் போர்டு எங்காவது கேபினட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். போர்டில் துளை இல்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று கூடுதலாக இருந்தால் அது போர்டின் பின்புறத்தை முட்டி ஷார்ட் செய்யும். போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதனுடன் வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வைக்க வேண்டாம். அந்தப் பையே மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. வெளியே ஒழுங்காக ஓடினால் குறை கேபினட்டில் என்று தெரிந்துவிடும்.

ஆன் செய்த சிறிது நேரத்திலேயே என்றால்

இது சூடு. பிராசசரின் மேல் உட்காரும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிவிடுவது புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் வீட்டில் சகஜம். இன்டெல் கூலரின் நான்கு தள்ளு பின்களில் ஒன்று சரியாகப் பூட்டாமல் இருப்பதும் அப்படியே. தண்ணீர் கூலர் என்றால் பம்ப் சுற்றுகிறதா என்று கை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். பயாஸ் திரையிலேயே வெப்பநிலை காட்டும்; எந்த வேலையும் இல்லாமல் அங்கே 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலரைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிது தடவிப் பூட்டுங்கள்.

கேம், விடியோ ரெண்டரிங் போன்ற கனமான வேலையில் மட்டும் என்றால்

சூடா, மின்சாரமா என்று முதலில் பிரிக்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு வெப்பநிலையைக் கோப்பில் பதியவிடுங்கள். கணினி விழுந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பல பிராசசர்களில் முழுச் சுமையில் 95 டிகிரி என்பது ஏஎம்டியே வடிவமைத்த எல்லை, பழுது அல்ல. இன்டெல்லின் பல பிராசசர்களுக்கு எல்லை 100. அந்த எல்லையைத் தொட்டதும் வேகம்தான் குறையும், உடனே அணையாது. எனவே 95-ஐக் கண்டதும் சூடுதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பதிவில் வெப்பநிலை சாதாரணமாக இருந்தும் விழுந்தால் சுமையைப் பிரித்துப் போடுங்கள். சினிபெஞ்சின் சிபியு சோதனை பிராசசரை மட்டும் வாட்டும். ஃபர்மார்க் கிராபிக்ஸ் கார்டை மட்டும் வாட்டும். இரண்டும் தனித்தனியாகத் தாங்கி, சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

அதை மாற்றும் முன்னும் கேபிள்களைப் பாருங்கள். போர்டின் மேல்மூலையில் பிராசசருக்கான 8 பின் கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளைச் செருகியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் போடுங்கள். ஒரு 8 பின் இணைப்புக்கு 150 வாட் என்பதுதான் விதி. புதிய 12 பிளஸ் 4 பின் இணைப்பு என்றால் இடைவெளி தெரியாமல் கடைசிவரை அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகிய அந்த இணைப்பு உருகிப்போன கதைகள் ஊரறிந்தவை. மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுப் புதியதில் செருகுவது அதைவிட மோசம்: தலை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; டிஸ்க், போர்டு எல்லாம் ஒரு நொடியில் போகும்.

கேபிள்கள் சரி என்றால் நண்பரிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை, அதன் கேபிள்களோடு, கடன் வாங்கி ஒரு மாலை ஓட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஊக்கால் இணைத்து "ஆன் ஆகுது, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். உயிர் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், சுமை தாங்குமா என்பதை அல்ல. வாங்குவதானால் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி செய்தது நல்லது. இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்கு இழுக்கும் அதிகச் சுமையை அது தாங்கும்.

கருகிய வாசனை, புகை, டப் என்ற சத்தம், இவற்றில் எது வந்தாலும் சோதனையை நிறுத்துங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். உள்ளே செத்துக் கிடப்பது பல்லிதான் என்று தெரிந்தாலும் திறக்க வேண்டாம்.

## அறிகுறி 2: நீலத்திரை, ஒவ்வொரு முறையும் வேறு பெயர்

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு டிரைவரோ ஒரு பாகமோ காரணமாக இருக்கும். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், மறுநாள் பேஜ் ஃபால்ட் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைப் பிடியுங்கள்.

- எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணையுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 3600, 6000 என்ற வேகம் ஓவர்கிளாக் வேகம்தான். டிடிஆர்4-க்கு அடிப்படை 2133, டிடிஆர்5-க்கு 4800. அந்த வேகத்தில் பிரச்சினை நின்றால், பயாஸை அப்டேட் செய்துவிட்டு எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மீண்டும் வந்தால் ஒரு படி குறைந்த வேகத்தில் நிறுத்துங்கள்.
- இரண்டு ரேம் குச்சிகள் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய இடங்களில் இருக்க வேண்டும். பல போர்டுகளில் அவற்றை ஏ2, பி2 என்று அச்சிட்டிருப்பார்கள்.
- பிறகு வாங்கிய இரண்டு குச்சிகளைச் சேர்த்து நான்காக்கியிருந்தால், பழைய இரண்டை மட்டும் வைத்து ஓட்டுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் தனித்தனியாக வாங்கிய ஜோடிகள் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. டிடிஆர்5-இல் நான்கு குச்சி என்றாலே வேகம் வெகுவாகக் குறையும். என்னைக் கேட்டால், நான்கை விற்று இரண்டாக வாங்குங்கள் என்பேன்.
- ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. பிழை வந்தால் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே இடத்தில் செருகிச் சோதியுங்கள். பிழை ஒரு குச்சியோடு போனால் குச்சி கெட்டது. எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரே இடத்தில் வந்தால் போர்டோ பிராசசரோ.

கடைசியாகச் சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூலரை ஒருபக்கமாக இறுக்கினாலோ அளவுக்கு மீறி முறுக்கினாலோ பிராசசர் சாக்கெட்டில் சரியாக உட்காராமல், ஒரு பக்க ரேம் மட்டும் காணாமல் போவதோ பிழை தருவதோ உண்டு. திருகுகளைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சீராக இறுக்கிப் பாருங்கள். சாக்கெட் பின் வளைந்திருப்பது கண்ணில் பட்டால் ஊசியை எடுக்காதீர்கள். அது கடை வேலை.

ரேம் குச்சியின் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்ப்பது நம்மூர் முதலுதவி. அழுக்கு போவதும் உண்மை, ரப்பர்த் தூள் ஸ்லாட்டில் விழுவதும் உண்மை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர் அல்லது கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்றால்

பிராசசரின் பக்கம் திரும்புங்கள். அண்டர்வோல்ட், கர்வ் ஆப்டிமைசர் (ரைசனில் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் மணிக்கணக்காகத் தாங்கிய அமைப்பு, கணினி சும்மா இருக்கும்போது விழும். வோல்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்குவது அப்போதுதான்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் மேல்மட்ட டெஸ்க்டாப் பிராசசர் என்றால் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி இவை நிலைகுலைவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் பிராசசரின் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியில் வந்த பிராசசர்களுக்கு வாரன்ட்டியை மேலும் 2 ஆண்டு நீட்டித்தது. கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தும் கேம் தொடங்கும்போது "அவுட் ஆஃப் விடியோ மெமரி" என்று வருவது இதன் பிரபலமான அடையாளம். ஏற்கெனவே சேதமான பிராசசரை அப்டேட் மீட்காது, அதற்கு வாரன்ட்டிதான். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டிலும் 2023 மே மாதத்துக்கு முந்தைய பயாஸ் இருந்தால் மாற்றிவிடுங்கள். பிராசசரின் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது அதன் பிறகுதான்.

## அறிகுறி 3: திரை கறுத்துவிடுகிறது, பாட்டு மட்டும் ஓடுகிறது

கிராபிக்ஸ் கார்டின் பக்கம். விசிறிகள் முழு வேகத்தில் இரைந்தால் இன்னும் உறுதி.

எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு டிடியு என்ற இலவசக் கருவியால், சேஃப் மோடில், டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். அண்மையில் டிரைவர் அப்டேட் ஆன பிறகுதான் தொடங்கியது என்றால் பழைய பதிப்புக்கே திரும்புங்கள்.

கார்டு தொங்கிப்போயிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். கனமான கார்டு நாளடைவில் ஸ்லாட்டை விட்டு நகரும். கழற்றிச் செருகி, அடியில் முட்டுக் கொடுங்கள். அழகுக்காக ரைசர் கேபிளில் (கார்டைப் போர்டோடு இணைக்கும் நீட்டிப்பு) நிறுத்தி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேரே போர்டில் செருகுங்கள். பிசிஐஇ இணைப்பின் மூன்றாம் தலைமுறை ரைசரும் நான்காம் தலைமுறை கார்டும் சேர்ந்தால் இந்தத் தொல்லை வரும். ரைசர் வேண்டும்தான் என்றால் பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென்3 ஆக்குங்கள்.

இதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கார்டை இன்னொருவர் கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் விழுந்தால் வாரன்ட்டி. திரையில் கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக நிறம் சிதறினால் கார்டின் நினைவகம் போயிருக்கக்கூடும். ஹீட் கன்னால் சூடேற்றிச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் சில வாரம் ஓடலாம். வாரன்ட்டி இருக்கும் கார்டை அப்படிக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 4: உறைகிறது, சிறிது நேரத்தில் தானே விடுபடுகிறது

மவுஸ் நகர்கிறது, எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒரேயடியாகத் திறக்கிறது என்றால் டிஸ்க். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் ரீஅலோக்கேட்டட், பெண்டிங் செக்டர் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப்போகிறது. இன்றே நகல் எடுங்கள். சிஆர்சி (தரவு போய்வரும் வழியில் நேரும் பிழை) எண்ணிக்கை மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம், சாட்டா கேபிளை மாற்றினால் போதும். அந்தக் கேபிளின் விலை ஒரு சாப்பாட்டு விலைகூட இருக்காது.

உள்ளே இருக்கும் தரவு முக்கியம், டிஸ்க்கோ கடகடவென்று சத்தம் போடுகிறது என்றால் மென்பொருள் எதையும் ஓட்டிப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரவு மீட்பவரிடம் போங்கள்.

உறைந்தது விடுபடவே இல்லை, கீபோர்டின் கேப்ஸ் லாக் விளக்குகூட மாறவில்லை என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

## அறிகுறி 5: விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மேலே மதர்போர்டில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். எஃப் எழுத்தில் முடியும் பல இன்டெல் பிராசசர்களில் உள்கிராபிக்ஸ் இல்லை. போர்டில் செருகினால் ஒன்றும் வராது.

டிடிஆர்5 போர்டு, இப்போதுதான் பூட்டியது அல்லது பயாஸ் ரீசெட் செய்தது என்றால் பொறுங்கள். ரேமைப் பழக்கிக்கொள்ள முதல் முறை சில நிமிடம் கறுப்புத் திரையோடே நிற்கும். பொறுமையிழந்து அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் வந்த பிறகும் திரை வரவில்லையா? போர்டில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்ற நான்கு சிறு விளக்குகளில் எது நிலைத்து நிற்கிறதோ அங்கே தொடங்குங்கள். டிரேம் என்றால் ஒரே குச்சியை ஏ2-வில் போட்டு, ஒலி வரும்வரை அழுத்துங்கள். சிபியு என்றால் 8 பின் கேபிள். அதுவும் சரி என்றால் அந்த போர்டின் பயாஸ் உங்கள் பிராசசருக்கு முந்தையதாக இருக்கலாம். 12-ஆம் தலைமுறைக் காலத்து பி660 போர்டில் 13-ஆம் தலைமுறை போட்டால் இப்படி ஆகும். பிளாஷ்பேக் பட்டன் (பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றுவது) இருந்தால் வீட்டிலேயே அப்டேட் செய்யலாம். இல்லையென்றால் கடையில் கொடுத்து, பழைய பிராசசர் போட்டு அப்டேட் செய்து வாங்குங்கள்.

தேதி, நேரம் ஒவ்வொரு முறையும் பின்னால் போனால் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

## அறிகுறி 6: கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது

கணினி கெடவில்லை, வீட்டில் எர்த் இல்லை. எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கேபினட்டில் 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு விடும், ஆனால் யூஎஸ்பி கருவிகள் அறுந்து அறுந்து சேர்வதற்கும் ஸ்பீக்கரில் இரைச்சலுக்கும் இது காரணமாகலாம். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பிளக்கில் எர்த்தையும் நியூட்ரலையும் சிறு ஒயரால் இணைத்து "சரி" செய்பவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறும். எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் குழியிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள்.

## கடைக்கு எடுத்துப் போகும்போது

போர்டா, பிராசசரா என்ற இடத்தில் முட்டி நின்றால் வீட்டில் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. இரண்டையும் மாற்றிப் பார்க்கத் தேவையான உதிரிகள் கடையில்தான் இருக்கும். சென்னையின் ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, குறித்து வைத்த தாளையும் பில்லையும் பெட்டிகளையும் எடுத்துப் போங்கள். டிரே பிராசசர், அதாவது பெட்டி இல்லாமல் வந்தது என்றால் விற்ற கடைக்காரரே வாரன்ட்டிக்குப் பொறுப்பு, அவரிடமே போங்கள்.

"ஆன் ஆகுது, டிஸ்ப்ளே வருது, ஒன்றுமில்லை" என்று ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். வாங்கிவிடாதீர்கள். எந்த வேலையில், எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று சொல்லி, அதே சுமையில், அவர்களுடைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். பிராசசரைப் போர்டிலிருந்து எடுக்கும்போது நீங்களும் அருகில் நின்று, சாக்கெட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் வளைந்திருந்தால் வாரன்ட்டி கிடைக்காது. அது யார் கையில் வளைந்தது என்ற பேச்சு பிறகு வரும்.